நாலாவது சீட்

செம்பூரில் ஏறும்போதே கடைவாய்ப் பல்
தனியாக ஒரு ரயில் ஓட்டிக்கொண்டிருந்தது.
எட்டு பதினேழு. பெண்கள் பெட்டி.
மூவருக்கான பலகையில் நாலாவதாக
இடுப்பில் பாதியை வைத்துக்கொள்ள
இப்போதெல்லாம் எனக்கு இடம் விடுகிறார்கள்.
போன வருஷம் என்னைக் கண்டதும்
பைகளை அகலப் பரப்பிக்கொண்டவர்கள்தான்.

எப்படி இளைச்சே என்று கேட்டவர்களுக்கெல்லாம்
கேழ்வரகு என்றேன், நடை என்றேன்,
ராத்திரி ஏழுக்கு மேல் எதுவுமில்லை என்றேன்.
எதுவும் பொய்யில்லை.
வயிற்றில் ஐந்து சின்னத் தழும்புகள் இருப்பதை மட்டும்
சொல்லவில்லை.

கன்னத்தைத் தாங்கியிருந்த கையை முதலில் பார்த்தது
குர்லாவில் ஏறிய சுலபா காவ்டே.
அவ்வளவுதான்,
பெட்டிக்குள் ஒரு மருந்துக்கடை திறந்துவிட்டது.
ஊக்கு, பொட்டு அட்டை, ஒட்டிப்போன மிட்டாய்,
சில்லறைக்கு அடியிலிருந்து
வெள்ளி முதுகு கிழிந்த மாத்திரை அட்டைகள்.
மாமியார் முட்டிக்கு எழுதினது.
மாசாமாசம் நான் போடுறது.
பல்லுக்கு இதுதான் மங்கை, பத்தே நிமிஷம்.
வெறும் வயித்துல போடாதே என்று
நஸ்ரீன் டப்பாவைத் திறந்து பாதிச் சப்பாத்தி நீட்டினாள்.
பாதிச் சப்பாத்தி
என் ஒரு மதியம் முழுக்க.

சூனாபட்டி.
உள்ளங்கையில் மாத்திரை.
எனக்குப் பழகிய ஆள்தான்.
நூற்றுப் பதினெட்டு கிலோவை முட்டிகள் சுமந்த நாளில்
கடலைமிட்டாய் மாதிரி இதைத் தின்றிருக்கிறேன்.
அட்டையைத் திருப்பிக் கண்ணருகே பிடித்தேன்.
இரண்டு பெயர்கள்.
பாராசிட்டமால், அது எனக்கு ஆகும்.
பக்கத்தில் நசுங்கிக்கொண்டு
இபுபுரூஃபன்,
நாலாவது சீட்டில் என்னைப் போலவே.

வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் பெஹ்ராம்
சீட்டின் பின்பக்கம் கோழிமுட்டை அளவில் ஒரு பை வரைந்தார்.
இது உங்கள் புது வயிறு.
அதில் குடலை ஒட்டுப்போட்ட இடத்தில்
பேனாவை மூன்று முறை அழுத்தினார்.
இங்கே புண் வந்தால் சொல்லிக்கொண்டு வராது,
சில சமயம் ரத்தம்தான் முதலில் பேசும்.
டைக்லோஃபெனாக், நாப்ராக்ஸன், ஆஸ்பிரின்
எல்லாம் ஒரே குடும்பம்.
ஊசியாக வந்தாலும் அதே ஆள்தான்,
வேறு வாசல், அவ்வளவே.

வேண்டாம் என்றேன்.
ஏன் என்றது பெட்டி மொத்தமும்.
பல் இரண்டு முறை துடித்தது.
வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு,
இந்த ரகம் எனக்கு ஆகாது.

மின்விசிறி மட்டும் சுற்றியது.
சுலபா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
கர்ப்பப்பையா?
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வடாலா வளைவில் வண்டி குலுங்கியதில்
தலை தானாக ஆடிவிட்டது.
எனக்கு நேராத ஒரு துக்கத்துக்கு
சேவ்ரி வரை என் முதுகைத் தடவினார்கள்.
ஒருத்தி சீட்டையே விட்டு எழுந்தாள்.
ஜன்னலோரம். வெட்கத்தோடு உட்கார்ந்தேன்.

மஸ்ஜிதில் இறங்கி, பாலத்தடிக் கடையில்
பாராசிட்டமால், தனியா, கூட யாரும் வேண்டாம் என்றேன்.
கூட்டு மாத்திரைன்னா சட்டுனு கேட்கும் பென், என்றார் கேலானி.
கேட்கும்தான், என் வயிறும் கணக்குக் கேட்கும்.
பணம் எண்ணும்போதுதான் நினைவு வந்தது,
விடிகாலை ஐந்தரைக்குச் சளிக்கு விழுங்கினதிலும்
இதே பெயர் ஐந்நூறு இருந்தது.
அப்படியானால் பதினொன்றரை வரை
பல் காத்திருக்கட்டும்.
எனக்கும் அவசரமில்லை என்று பொய் சொன்னேன்.

மாலை ஆறுக்குப் பல் டாக்டர்.
உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியதை
ரசீதின் பின்னால் எழுதினேன்.
அங்கே கர்ப்பப்பைக் கதை செல்லாது.
ஆபரேஷனின் முழுப்பெயர், தேதி,
பெயர்களில் எதெல்லாம் கூடாதோ அதெல்லாம்.
பதினொரு மாதத்தில் முதல் தடவை
என் கையெழுத்தில் அது,
கொஞ்சம் கோணலாக,
கீழே கேலானி கடையின் முத்திரையோடு.